பின்விரல் இல்லாத குஞ்சு

அந்தக் குஞ்சுக்குப் பின்விரல் இல்லை. முன்னால் மூன்று விரல். பின்னால் ஒன்றுமில்லை, வழுவழுவென்று கால் அப்படியே முடிந்துபோயிருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் மல்லாத்திக் காட்டினாள்.

"பாரு சாமி, வார அவசரத்துல ஒரு வெரல முட்டைக்குள்ளயே உட்டுட்டு வந்திருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது அது உயிரோடு இருந்தது.

எருமப்பட்டிக்கு அந்தப்புறம் காட்டுக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் அக்காவும் மாமாவும். வீட்டுக்குக் கிழக்கே முட்டைக்கோழிப் பண்ணை, நீளமாக ஒரே ஷெட். அடுக்குக் கூண்டுகளில் வெள்ளைக் கோழிகள். தின்னும், இடும், மறுபடி தின்னும். அடையில் உட்கார அவற்றுக்குத் தெரியாது. அந்த நினைப்பையே அந்த இனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வாசலில் திரிகிற நாட்டுக்கோழிகள் வேறு, அவை அக்காவின் சொந்தம். வீட்டுக்கு மேற்கே கிளுவை வேலி போட்ட கொழுக்கட்டைப் புல்காடு ஒன்று இருந்தது. மாமா மேச்சேரி ஆடுகள் வைத்திருந்தபோது மேய்ச்சலுக்கு விட்ட காடு. ஆடுகளை விற்று நாளாகிவிட்டது. புல் மட்டும் யாரையும் கேட்காமல் ஒவ்வொரு மழைக்கும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. இந்த ஆடியில் அதையும் வழித்துச் சமன்படுத்தினார்கள், இரண்டாவது ஷெட் போடுவதற்காக.

வழித்த அன்று நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"பொக்லைன் கெழக்கோரத்துல இருந்து வழிச்சுக்கிட்டு வருது. பாதிக் காடு முடிஞ்சு போச்சு. டிரைவரு திடீர்னு நிறுத்திப்போட்டு எறங்கிட்டாரு. 'ஏனுங்க, இங்க ஒரு பறவை வழி உடமாட்டேங்குது'ங்கறாரு."

இரும்பு வாளிக்கு முன்னால் அது நின்றிருக்கிறது. இறக்கைகளை இரண்டு பக்கமும் விரித்து, தலையைத் தாழ்த்தி. காய்ந்த புல்லின் நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். பறக்கவில்லை. அக்கா கிட்டப் போனதும் கொஞ்சம் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்திருக்கிறது. அது விட்டுப்போன இடத்தில், கூடு என்று சொல்ல முடியாத ஒரு சின்னக் குழிவில், இரண்டு முட்டைகள். மண் தெறித்தாற்போல் மேலெல்லாம் திட்டுத்திட்டாக.

வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது. மாமா அந்தக் கோடியிலிருந்து, "என்னம்மிணி அங்க வேடிக்கை?" என்று கத்துகிறார். அக்கா முட்டைகளைச் சேலை மடியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செவலைக் கோழி அடையில் இருந்தது. அதன் வயிற்றுக்கடியில் இரண்டையும் தள்ளினாள். கோழி ஒரு தடவை முறைத்துவிட்டு, இறகை உப்பி, அவற்றையும் சேர்த்து மூடிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். வாத்து முட்டையா, அடைக்கோழிக்கு வை. வான்கோழி முட்டையா, அடைக்கோழிக்கு வை. கினிக்கோழி இட்ட இடத்தை மறந்துவிட்டுத் திரிகிற சாதி, அதன் முட்டையையும் பொறுக்கி வந்து அடைக்கோழிக்கு வை. யார் பெற்ற பிள்ளை என்று அடைக்கோழி கேட்பதில்லை. வாத்துக் குஞ்சுகள் தொட்டித் தண்ணீருக்குள் இறங்கிவிட, கோழி கரையில் பதறிக் கத்துவதைப் பார்த்துச் சிரித்துத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். அந்தப் பழக்கத்தில், அந்த நம்பிக்கையில் வைத்தாள். விட்டுவிட்டு வந்திருந்தால் மண்ணோடு மண். எடுத்தது தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

தாய்ப்பறவை அதற்கப்புறமும் சில காலைகள் வந்திருக்கிறது. புல் போன செம்மண்ணில் அந்தக் குழிவைத் தேடி நடந்தது என்றாள் அக்கா. "நடக்கும், நிக்கும், குனிஞ்சு பாக்கும், மறுக்கா நடக்கும். மண்ணு மொழுக்குன்னு கெடக்குது, எதப் போயிப் பாக்கறது?" குஞ்சு பொரிப்பதற்கு வெகு முன்பே அது வருவதை நிறுத்திக்கொண்டது.

ஆவணி பிறந்ததும் போன் வந்தது. கோழியின் சொந்த முட்டைகள் பொரித்துவிட்டன. காட்டிலிருந்து வந்த இரண்டில் ஒன்று கூமுட்டை. இன்னொன்று பொரித்துவிட்டது, ஆனால் ஆள் ஒரு தினுசாக இருக்கிறது.

"நீதான் ஒரெடத்துல குந்தாம ஊரூராச் சுத்தறவனாச்சே. வந்து இது என்ன இனம்னு சொல்லிப்போட்டுப் போ."

எனக்குப் பஸ் ஏற இதைவிடச் சின்னக் காரணமே போதும். மறுநாள் சேலத்தில் ஏறி, நாமக்கல்லில் மாறி, உச்சிவெயிலில் போய் இறங்கினேன்.

குஞ்சு பொரித்து அன்று மூன்றாம் நாள். மணலும் கரியும் கலந்து கோடிழுத்தாற்போல் உடம்பு. கோழிக் குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓட, இது எட்ட நின்றது. நீண்ட கால்கள் லேசாக நடுங்கின. வாசலுக்கு மேலே ஒரு காக்கை தாழப் பறந்தது. கோழி ஒரு குரல் கொடுத்ததும் மற்றவையெல்லாம் அதன் இறகுக்குள் ஓடி மறைந்தன. இது ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டித் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. சாணி தெளித்துப் பெருக்கிய வாசல். மறைக்க ஒரு துரும்பு கிடையாது. தன்னைச் சுற்றிலும் புல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அது படுத்திருந்தது.

மாமா காலை எடுத்து வைக்கப்போய்ச் சட்டென்று பின்வாங்கினார்.

"இந்தா, மறுக்கா மிதிச்சிருப்பேன். என்ன மாப்ள இது, ஒளியக்கூடத் தெரியல. கண்ணுக்கு முன்னால படுத்துக்கிட்டு ஒளிஞ்சுட்டேங்குது."

"நீங்க காட்ட வழிச்சீங்க. அது எங்க போயி ஒளியும்?" என்றாள் அக்கா.

"ஆமா, நான் ஒருத்தன் எனக்கு மட்டும் வழிச்சேன்."

அப்போதுதான் கவனித்தேன். கோழி காலால் மண்ணைச் சீய்த்து ஒரு கறையானைப் பிடித்தது. கொக்கொக்கென்று கூப்பிட்டது. அலகிலிருந்து தரையில் போட்டது. குஞ்சுகள் பாய்ந்து கொத்தின. பின்விரல் இல்லாததும் வந்தது. ஆனால் அது தரையைப் பார்க்கவில்லை. கோழியின் முகத்துக்கு நேரே நின்று, கழுத்தை உயர்த்தி, அலகையே பார்த்துக்கொண்டிருந்தது. அலகு காலியாக இருந்தது. கோழி மறுபடி சீய்த்தது, மறுபடி கூப்பிட்டது, மறுபடி கீழே போட்டது. இது மறுபடி அலகைப் பார்த்தது.

"பொறந்ததுல இருந்து இப்படித்தான். நொய்யி போட்டேன், பண்ணைத் தீவனத்த நனைச்சுப் போட்டேன், கம்பு இடிச்சுப் போட்டேன். தொடமாட்டேங்குது. சித்த நேரம் என் மூஞ்சியப் பாக்குது, சித்த நேரம் அவ மூஞ்சியப் பாக்குது" என்றாள் அக்கா.

பார்த்த கணத்திலேயே என் மனசு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வரகுக்கோழி. வரகு விளைந்த காலத்தில் அந்தத் தாளுக்குள் மறைந்து நடந்த பறவை. புல்வெளி போகப் போகக் கூடவே போய்க்கொண்டிருக்கிறது, நாட்டிலேயே சொற்பம்தான் மிச்சம் என்று படித்திருந்தேன். இங்கே வரகு போய் மரவள்ளியும் சோளமும் வந்து எத்தனை காலம் ஆயிற்று. அதன் ஒரு குஞ்சு என் அக்கா வாசலில் நிற்கிறது என்று நினைத்ததும் போனை எடுத்துவிட்டேன். படம் எடுத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற நண்பருக்கு, வரகுக்கோழியா என்று கேட்டு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன்.

"கோழின்னு பேருதான் சார், கோழி இல்லை. கோழின்னா பின்விரல் இருக்கும். கிளையைப் பிடிச்சு உக்கார அதுதான் வேணும். இது மரம் ஏறாத பறவை, தரையிலேயே வாழ்ந்து தரையிலேயே சாகற இனம். கானமயிலுக்குச் சொந்தம். முன்னாடி இதையெல்லாம் சாரசக் கொக்கு, கானாங்கோழியோட ஒரே வரிசையில வெச்சிருந்தாங்க. பிறகு அங்க சேராதுன்னு எடுத்துத் தனி வரிசையாப் போட்டாங்க. அதுலயும் வரகுக்கோழி அதோட பேரினத்துல ஒத்தை ஆளு. அண்ணன் தம்பி கிடையாது."

எங்கள் ஊர்களில் புதிதாக ஒருவர் வந்தால் முதலில் கேட்பது, நீங்க எந்தப் பக்கமுங்க என்று. அடுத்த கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. அதற்கும் விடை வாங்காமல் விடுவதில்லை. ஆளை எந்த வரிசையில் வைப்பது என்று தெரிந்தபிறகுதான் டம்ளர் வரும். அந்தப் பழக்கம் என் ரத்தத்திலும் இருக்கிறதுபோல. வாசலில் குஞ்சு வாடிக்கொண்டிருக்க, அதற்கு அண்ணன் தம்பி இல்லை என்ற சொல்லில் நான் கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப இது வரகுக்கோழிதானே?"

"அவசரப்படாதீங்க. வரகுக்கோழி கூடு வைக்கறது வடக்க. இந்தப் பக்கம் வந்துட்டுப் போனதாத்தான் பழைய பேச்சு. இங்க முட்டை வெச்சதா நான் கேள்விப்பட்டதில்லை. இது கண்கிலேடிங்கற பறவையா இருக்கத்தான் வாய்ப்பு. அதுவும் இதே நிறம், இதே நீளக் கால், அதுக்கும் பின்விரல் கிடையாது. ஆனா அது உள்ளான், ஆட்காட்டி கூட்டம். வேற வரிசை. அது இன்னும் பரவலா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "தாயைப் பாத்தீங்களாம்மா? கண்ணு பெருசா, மஞ்சளா இருந்துச்சா?" என்றார்.

அக்கா போனைப் பார்த்துக் குனிந்து சொன்னாள். "பயந்துபோன கண்ணு யாருக்குமே பெருசாத்தானுங்க சார் இருக்கும். நிறமெல்லாம் நான் பாக்கலீங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், ஒரு சந்தேகமுங்க. அந்த அருமையான பறவைதான்னு முடிவாச்சுன்னா, வனத்துறையில வந்து எங்க ஷெட்ட நிறுத்திப்போடுவாங்களா?"

"அதெல்லாம் முதல்ல என்னன்னு தெரியட்டுங்க."

"இல்லீங்க, சும்மா கேட்டேன். அந்தக் கண்ணு பெருசுன்னீங்களே, அதா இருந்தாத் தேவலை."

எனக்கு அது அரிதாக இருக்க வேண்டும். மாமாவுக்குச் சாதாரணமாக இருக்க வேண்டும். நண்பர் மேலும் அலகின் வடிவத்தையும் முட்டைத் திட்டின் நிறத்தையும் கேட்கத் தொடங்க, அக்கா குறுக்கே புகுந்தாள்.

"சார், இனமெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க. இது என்னத்தத் திங்கும், எப்படித் திங்கும்? அதச் சொல்லுங்க."

நண்பர் தன் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டார்.

"பூச்சிங்கம்மா. வெட்டுக்கிளி மாதிரி. ரெண்டுல எதுவா இருந்தாலும் பொறந்த புதுசுல தானாப் பொறுக்காது. தாய் அலகுல பிடிச்சு நீட்டணும், அது அலகுலிருந்து வாங்கும். கோழிக் குஞ்சுன்னாத்தான் கீழ போட்டதை..." என்று இழுத்தார்.

அக்கா சட்டென்று எழுந்துகொண்டாள். "அட கெரகமே. ஊட்டச் சொல்லித்தான் நிக்குதா? மூணு நாளா வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதே, நான் கீழ போட்டுக்கிட்டே இருந்திருக்கேனே."

மாமா இடுப்பில் தடவி முள்வாங்கியை வெளியே எடுத்தார். ஆடு மேய்த்த காலத்திலிருந்து அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தது. காலில் தைத்த முள்ளைப் பிடுங்குகிற, நுனி சன்னமான சின்ன இடுக்கி. கயிற்றிலிருந்து அறுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, "வா மாப்ள, வெட்டுக்கிளி பிடிக்கலாம்" என்றார்.

வெட்டுக்கிளி எங்கே இருக்கிறது? புல்காட்டைத்தான் வழித்தாயிற்றே. செம்மண் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பண்ணையைச் சுற்றி ஈக்கள் மட்டும், அவற்றுக்கும் மருந்தடித்திருந்தது. கிளுவை வேலியோரம் வாளி எட்டாமல் விட்ட ஒரு முழப் புல்லில் நானும் மாமாவும் குனிந்து நடந்தோம். நடுத்தர வயது தாண்டிய இரண்டு ஆண்கள், தவ்விப் பிடிப்பதும் நழுவ விடுவதுமாக. பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, எதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மாமா, நிமிராமல்.

கொண்டுவந்ததை அக்கா கால் கிள்ளி, முள்வாங்கியில் பிடித்து, குஞ்சின் முகத்துக்கு மேலே நீட்டினாள். அது பார்த்தது. அக்கா நாக்கை மடித்துக் கோழியைப்போல் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சும்மா நீட்டியபடி இருந்தாள். குஞ்சு கழுத்தை உயர்த்தி அந்த இரும்பு அலகிலிருந்து வாங்கிக்கொண்டது. விழுங்கியதும் இரண்டடி நடந்து வந்து மறுபடி நிமிர்ந்து பார்த்தது.

"வாங்கிருச்சு! ஏனுங்க, வாங்கிருச்சுங்க!"

அக்கா இப்படிக் கூவி நான் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. மாமா மறுபடி வேலிக்கு ஓடினார். அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் முழுக்கவும் அதே வேலை. அக்கா வாசலிலேயே முட்டிபோட்டுக் கிடந்தாள். முட்டை ஏற்றப் பண்ணைக்கு வண்டி வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. "நீங்களே பாத்து ஏத்திக்கங்க சாமி" என்று குரல் மட்டும் கொடுத்தாள். செவலைக் கோழி எட்ட நின்று இதையெல்லாம் ஒருக்களித்துப் பார்த்தது. அதற்கு என்ன புரிந்திருக்கும்? அதன் அன்பு தரையில் போட்டுக் காட்டுகிற அன்பு. கூப்பிட்டது, காட்டியது, தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தது. இதன் பசி நீட்டினால் வாங்குகிற பசி. நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்திருக்குமா? அதற்குள் விழுந்து கிடந்தது அந்த உயிர்.

வாங்கியது, ஆனால் வர வரக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் நீட்டியதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. கால்கள் விரிந்து விரிந்து போயின. அக்கா அதைக் கோழியின் வயிற்றுக்கடியில் வைத்துக் கூடையைக் கவிழ்த்தாள்.

காலையில் கூடையைத் தூக்கியபோது மற்றவையெல்லாம் சிதறி ஓடின. இது கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. நான் வந்த அன்று காக்கைக்கு ஒளிந்ததுபோலவே. அக்கா சற்று நேரம் தொடவில்லை. ஒளிந்திருக்கிறது என்றே நினைத்தாளாம்.

நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நண்பர் கூப்பிட்டார். தெரிந்தவர்களிடம் படத்தைக் காட்டியிருக்கிறார், ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். இறந்துபோனதைக் கேட்டு வருந்தினார். உண்மையாகவே வருந்தினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உடம்பை ஐஸ்ல வெச்சு அனுப்ப முடியுமா சார்? எலும்பைப் பாத்தா உறுதியாத் தெரிஞ்சுடும். ஒருவேளை அதுவா இருந்தா, இங்க கூடு வெச்சதுக்கு அதுதான் சாட்சி."

அக்காவிடம் சொன்னேன்.

"பொதைச்சிட்டேன்."

"எங்கக்கா?"

அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு? தோண்டிப் பாத்து அருமையான சாதின்னு தெரிஞ்சா எச்சா அழுவணும், சாதாரணம்னு தெரிஞ்சாக் கொஞ்சமா அழுதாப் போதும், அதுக்கா? எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டுச்சு. எனக்குப் புரியல. அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வெச்சுக்குங்க."

மாமா வேலியோரம் போய் நின்றுகொண்டார். ஷெட்டை நிறுத்த இனி யாரும் வரப்போவதில்லை. அவர் முகத்தில் அந்த நிம்மதியைத் தேடினேன். கிடைக்கவில்லை. காலால் அந்த ஒரு முழப் புல்லை நீவிக்கொண்டிருந்தார். ஏதாவது தவ்வுகிறதா என்று பார்த்தாரோ என்னவோ.

அவள் புதைத்த இடத்தை நான் தேடவில்லை. அன்றே சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஓரிடத்தில் இருக்க முடியாதவனுக்கு அது ஒன்றுதான் கைவந்த வேலை. வழியெல்லாம் மரவள்ளி, சோளம், ஷெட், மறுபடி ஷெட். தரையில் படுத்தால் மறைத்துக்கொள்ள இவ்வளவு தூரத்தில் ஓரிடமாவது உண்டா என்று சன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆட்டையாம்பட்டி பிரிவு தாண்டியபின் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது ஷெட் இப்போது முடிந்துவிட்டது. தையில் போயிருந்தபோது உள்ளே கோழிகள் ஏறியிருந்தன. செவலைக் கோழி வேறொரு ஈட்டுக்கு அடையில் உட்கார்ந்திருந்தது, அத்தனையும் அதன் சொந்த முட்டைகள். கூடைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் முள்வாங்கி தொங்கியது. மாமா வேலியோரம் செருப்பில்லாமல் போய்க் காலில் முள்ளேற்றிக்கொண்டு நொண்டியபடி வந்து, அதை எடுத்து முள்ளைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டு இடுப்புக் கயிற்றில் கோக்கப் போனார்.

"அத எடுத்த எடத்துலயே மாட்டுங்க" என்றாள் அக்கா, அடுப்படிக்குள்ளிருந்து.

எப்படித் தெரிந்தது என்று மாமா என்னைப் பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே போய் ஆணியில் மாட்டினார்.